வல்லூற்றின் கண்ணில் ஒரு ஜன்னல்

செய்தி வந்தபோது மாலை மணி நாலு பத்து. கண்ணாடிக் கடையின் பின்னறையில் தங்கை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தாள். அவர் ஐந்தாவது வரியின் மூன்றாவது எழுத்தில் மாட்டிக்கொண்டு, அது இதுவா அதுவா என்று தனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டின் பையில் போன் அதிர்ந்தது. அண்ணி. பகலில் போன் பேசுவது அண்ணிக்குப் பிடிக்காது. பேச வேண்டியதை எல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை பேசுகிறவள். தங்கை வில்லையை மாற்றிப் போட்டுவிட்டு, "இப்ப தெளிவா, முன்னாடி தெளிவா?" என்று தபால்காரரிடம் கேட்டுக்கொண்டே போனை எடுத்தாள்.

"உங்க அண்ணன் எழுந்திருக்க மாட்டேங்கிறாரும்மா. மத்தியானம் படுத்தவரு. மூணு தடவ கூப்பிட்டுட்டேன்" என்றாள் அண்ணி. பிறகு குரல் சற்றும் மாறாமல், "பக்கத்து வீட்டு நர்ஸ் வந்து பாத்துட்டாங்க" என்றாள்.

தபால்காரர், முன்னாடி இருந்ததுதான் தெளிவு என்றார். தங்கை அதை அட்டையில் எழுதிக்கொண்டாள். நாலைந்து நாள் கழித்துக் கடைக்குத் திரும்பி அந்த அட்டையை எடுத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அண்ணனுக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்து நாலு வருடம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். அங்கே அவருக்குப் பெயர் மூச்சுப்பிடி. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பிறகு விடச் சொல்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வீட்டு ஆட்களை நிற்கவைத்துப் படம் எடுக்கும்போதும் வாய் தவறி அதையே சொல்லிவிடுவார். சொந்தக்காரர்கள் எல்லாரும் கன்னம் உப்பி, கண் பிதுங்கி நிற்கும் படங்களாகவே வீட்டில் இரண்டு ஆல்பம் இருக்கின்றன.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது மனிதர் படங்களில் அல்ல. பருந்து, கழுகு, வல்லூறு, ஆந்தை என்று கொத்திக் கிழித்துத் தின்கிற பறவைகளின் மேல்தான். அந்தப் பைத்தியம் எக்ஸ்ரே அறையிலேயே ஆரம்பித்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், அடிபட்ட பறவைகளை வைத்து வளர்க்கும் மீட்பகத்திலிருந்து ஒரு அம்மா, முழங்கை வரை தோல் கையுறை மாட்டிக்கொண்டு, துண்டில் சுற்றிய ஒரு பருந்தோடு பின்வாசல் வழியாக வந்தார். கால்நடை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கெட்டுப்போயிருந்ததாம். கையுறைக்காரம்மா இறக்கையை விரித்துப் பிடிக்க, அண்ணன் பயத்தில் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார். பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தபோது, இறக்கையின் உள்ளே எலும்புகள் ஈர்க்குச்சி மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாத குழாய் மாதிரித் தெரிந்தன. இவ்வளவு காலியான எலும்பை வைத்துக்கொண்டு இது எப்படி இவ்வளவு முறைக்கிறது என்று அன்று இரவு முழுக்க வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அடுத்த மாதமே பழைய காமிரா ஒன்றும், முழ நீளத்தில் ஒரு லென்ஸும் வீட்டுக்கு வந்தன.

இரண்டு இடங்களில் படம் எடுத்தார். ஒன்று மீட்பகம். எக்ஸ்ரேக்குக் கைம்மாறாகக் கையுறைக்காரம்மா அவரைக் கூண்டுக்குள்ளேயே விட்டார். இன்னொன்று ஊருக்கு வெளியே, பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும், கைவிடப்பட்ட கல்குவாரி. அதன் செங்குத்துச் சுவரில் ஒரு ஜோடி வல்லூறுகள் வருடாவருடம் கூடு வைத்தன. கூண்டுப் பறவையைப் படம் எடுப்பது ஆஸ்பத்திரி வேலை மாதிரி, நோயாளி தானே வந்து உட்காருவார் என்பார் அண்ணன். காட்டுப் பறவை என்றால் நோயாளிக்கு மனசு வருகிறவரை நாம் அவர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்க வேண்டும்.

இரண்டையும் அவர் தாழ்த்திப் பேசியதில்லை. ஆனால் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தார். ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலால் ஒற்றை வார்த்தை எழுதியாக வேண்டும். காடு, அல்லது கூண்டு. "கூண்டுல எடுக்கிறது கேவலம் இல்ல. கூண்டைக் காடுன்னு சொல்றதுதான் கேவலம்" என்று அவர் சொல்லாத வாரம் இல்லை.

குவாரியில் அவருக்குத் துணை தங்கைதான். துணை என்றால் உட்கார்ந்து பார்க்கிற துணை இல்லை, எழுந்து போகிற துணை. வல்லூறு கண்காணாத தூரத்தில் பறக்கும் புறாவைக் கண்டுபிடித்துவிடும். சுவருக்கு எதிரே கல்லோடு கல்லாகத் தெரிகிற மாதிரி அடித்த சாம்பல் நிறக் கூடாரத்துக்குள் ஒரு ஆள் நுழைந்தால், அந்த ஆள் வெளியே வருகிறவரை வல்லூறு கூட்டுப் பக்கம் இறங்காது. ஆனால் அதற்கு எண்ணத் தெரியாது. அதனால் இரண்டு பேர் நுழைய வேண்டும், ஒருவர் வெளியேற வேண்டும். ஆள் போய்விட்டது என்று பறவை நம்பிவிடும். நாலு மணி நேரம் கழித்து ஒருவர் மறுபடி உள்ளே போய், இரண்டு பேராக வெளியே வர வேண்டும். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தந்திரம்தான். போகிற ஆள் சத்தமாகப் போனால் இன்னும் நல்லது. தங்கைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாட்டுப் பாடிக்கொண்டே போகச் சொன்னார் அண்ணன். அவள் பாடவில்லை. அந்த வாரம் முழுக்க அண்ணன் மேல் இருந்த குறைகளை வரிசையாக, உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டது, அவள் சைக்கிளின் காற்றை இறக்கிவிட்டது, அம்மாவிடம் போட்டுக்கொடுத்தது. குவாரிச் சுவர் எல்லாவற்றையும் எதிரொலித்தது. அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல முடியாத ஒரே இடம் அதுதான். கூடாரத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் ஒரு நாள் காமிராவே ஆடிப்போய் ஆறு படம் வீணாயிற்று.

அதை நினைத்துக்கொண்டால் தங்கைக்கு இன்றும் அந்தச் செம்மண் பாதையின் சூடு செருப்புக்கு அடியில் தெரியும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. பார்க்காமலே நடந்து, பஸ் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாள். வல்லூறு கூட்டுக்கு இறங்கும் காட்சியை அவள் கடைசிவரை நேரில் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பிலிமில் வந்து, குளியலறைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கிய வல்லூறுகள்தான்.

அந்தக் கொடியிலிருந்துதான் தப்பும் ஆரம்பித்தது.

பிலிம் காய்ந்ததும் ஆறு ஆறு படமாக வெட்டி, கண்ணாடித்தாள் உறைகளில் போட்டு, உறை மேல் காடு, கூண்டு என்று எழுதுவது தங்கையின் வேலை. அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அண்ணன் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர்களால் மட்டுமே படிக்க முடியும். அண்ணனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மற்றவர்கள் வெளிச்சத்தில் பிலிமைப் போட்டு, நுனியை வீணாக்கிவிட்டு, முப்பத்தாறு படம் எடுப்பார்கள். இவர் இருட்டறை ஆள். இருட்டிலேயே கையால் தடவிப் போட்டு, நுனியையும் விடாமல் கூட ஒன்றிரண்டு படம் எடுத்துவிடுவார். அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. அப்படிப் போட்டால் காமிரா காட்டும் எண்ணும் பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்ணும் ஒத்துவராது. காமிரா இருபத்தொன்று என்று காட்டும்போது பிலிம் ஓரத்தில் இருபது என்று இருக்கும்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, குவாரியில் மழை பிடித்துக்கொண்டதால் பாதிச் சுருளோடு திரும்பினார்கள். மிச்சத்தை வீணாக்குவானேன் என்று மறுநாள் மீட்பகத்தில் எடுத்து முடித்தார். அங்கேயும் அப்போது ஒரு பெண் வல்லூறு, இறக்கை தேறி, பறக்கவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தது. கூண்டின் பின்சுவரும் அதே குவாரிக் கல்லால் கட்டியது. வெயிலுக்கு இதமாகக் கையுறைக்காரம்மா ரப்பர் குழாயால் பறவைகளுக்குத் தண்ணீர் அடித்துவிட்டுக் கறி நறுக்கப் போயிருந்தார். வீட்டுக்கு வந்து பிலிமைக் கழுவிவிட்டு அண்ணன் சொன்னது ஒரே வரி: இருபது வரைக்கும் காடு, அப்புறம் கூண்டு. அவர் சொன்னது காமிராவின் இருபது. தங்கை பார்த்து எழுதியது பிலிம் ஓரத்து இருபது. ஒரே ஒரு படம், கூண்டிலிருந்து காட்டுக்குத் தாவிவிட்டது.

அச்சுப் போட ஏழு மாதம் ஆயிற்று. இடையில் அவருக்குக் கல்யாணம் நடந்தது. அந்த ஏழு மாதமும் அவர் ஒரு பறவையைக்கூட நினைக்கவில்லை என்று அண்ணி இன்றும் பெருமையாகச் சொல்வாள். கடைசியில் ஒரு நாள் உறைகளை எடுத்துப் பார்த்தபோது அந்த இருபதாம் எண் கண்ணில் பட்டது. நனைந்த கல், நனைந்த வல்லூறு. தோளுக்கு மேலாகத் தலையைத் திருப்பி, அலகு நுனியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரோடு, பார்க்கிறவரைத் துளைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு பார்வை. உறை மேல் தங்கையின் அழகான கையெழுத்தில் காடு என்று இருந்தது. மழை பெய்த சனிக்கிழமை அவருக்கு ஞாபகம் வந்தது. ரப்பர் குழாய் ஞாபகம் வரவில்லை.

அந்த ஒரு படம் அவரை வேறு ஆளாக்கியது. பறவைச் சங்கத்தின் ஆண்டு மலரில் அட்டைப்படமாக வந்தது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சுக்கு மேலே மாட்டினார்கள். கால் முறிந்து வந்தவர்கள் வலியை மறந்து அதை முறைத்தார்கள். முறைக்கு முறை என்று அதுவும் முறைத்தது. சங்கத்தில் அவர் எழுந்து பேசினால் கூட்டம் அமைதியாயிற்று. குவாரி வல்லூற்றை எடுத்தவர் சொல்கிறார் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த மவுசில்தான் அவர் தொப்பியை அவமானப்படுத்தினார்.

தொப்பி என்பவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தியவர். வெயிலோ மழையோ தலையில் ஒரு துணித் தொப்பி. அவரும் சங்கத்து ஆள், சுமாராகப் படம் எடுப்பார். ஒரு மாதக் கூட்டத்தில், மலையில் எடுத்தது என்று ஒரு கழுகுப் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் எழுந்து, வால் இறகுகளின் நுனி கம்பி வலையில் தேய்ந்திருப்பதைக் காட்டினார். காலில் தோல்வார் கட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருப்பதைக் காட்டினார். எக்ஸ்ரேயில் முறிவு காட்டுவது மாதிரி, குச்சியை வைத்து, நிதானமாக. இது கூண்டு என்று முடித்தார். அறுபது பேர் முன்னிலையில் தொப்பி புரொஜெக்டரிலிருந்து படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். பிறகு அவர் சங்கப் பக்கமே வரவில்லை. காமிராவையும் தொடவில்லை என்று கேள்வி. திரும்பி வரும் வழியில் தங்கை, தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, பொய்யை எல்லார் முன்னாடியும் சொன்னார், உண்மையையும் எல்லார் முன்னாடியும்தான் கேட்கணும் என்றார் அண்ணன். அவர் குரலில் அன்று கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. அது தங்கைக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லவும் இல்லை.

வருடங்கள் போயின. குவாரியில் தண்ணீர் நிரம்பி வேலி போட்டுவிட்டார்கள். கூடாரம் எலி கடித்துப் போயிற்று. பிலிம் போய், காமிராவுக்குப் பின்னால் சின்னத் திரை வந்தது. அண்ணன் ஓய்வுபெற்றார். போன வருடக் கடைசியில் சங்கச் செயலாளர் ஒரு செய்தியோடு வந்தார். ஊரில் கட்டும் புது நூலகத்தின் மாடிப்படிச் சுவரில், தரையிலிருந்து கூரை வரை, குவாரி வல்லூற்றை மாட்டப் போகிறார்கள். கீழே பித்தளைத் தகட்டில் அண்ணன் பெயர். அண்ணன் அன்றைக்கே பழைய சட்டை ஒன்றை இஸ்திரி போட்டு, திறப்பு விழாவுக்கு என்று தனியாக மாட்டிவைத்தார். அண்ணி, கல்யாணத்துக்குக்கூட இவர் இப்படிச் சட்டை எடுத்து வைக்கவில்லை என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்பினாள்.

அவ்வளவு பெரிதாக்க நெகட்டிவைக் கணினியில் ஏற்ற வேண்டும். அண்ணனுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்ததால் தங்கைதான் கடைக் கணினியில் ஏற்றினாள். தூசி இருந்த இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்து வல்லூற்றின் கண்ணுக்கு வந்தாள்.

நாள் முழுக்கக் கண்களைப் பார்க்கிற வேலை அவளுக்கு. எந்தக் கண்ணிலும், எதிரே இருப்பது சின்னதாகத் தெரியும். கடையில் சோதனைக்கு உட்காருகிறவர்கள் கண்ணில் எல்லாம் குழல் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். குவாரி வல்லூறுகளின் கண்களில் எப்போதும் மேலே வானம் வெளிறி, கீழே தரை கறுத்து, நடுவில் ஒரு வளைவு இருக்கும். இந்தக் கண்ணில் வானம் இல்லை. நாலு வெளிச்சக் கட்டம். நடுவில் ஒரு சிலுவைச் சட்டம். அது ஜன்னல். மீட்பகத்தில் கூண்டுக்கு எதிரே இருந்த தீனி அறையின் ஜன்னல். அந்த ஞாயிற்றுக்கிழமை அதன் பின்னால் உட்கார்ந்து கையுறைக்காரம்மா கறி நறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவளேதான்.

எட்டு நாள் அவள் சொல்லவில்லை. கடையில் இரண்டு பேருக்கு இடக்கண் எண்ணை வலக்கண்ணுக்கு எழுதிக் கொடுத்தாள். சொல்லாமல் விட்டால் நூலகச் சுவர் ஏறும், பித்தளைத் தகடு ஏறும், யாருக்கும் தெரியாது. சொன்னால் அந்தச் சட்டை மாட்டியபடியே கிடக்கும். ஆனால் மாடிப்படிச் சுவரில் அந்தக் கண் ஒரு தட்டு அளவு இருக்கும். தன்னைப் போல இன்னொருத்தி படியேறி வந்து நின்று பார்ப்பாள், அப்போது அண்ணனை அறுபது பேர் அல்ல, ஊரே பார்க்கும் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

ஒன்பதாம் நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேசையில் வைத்து, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினாள். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் பெரிதாக்கச் சொன்னார். பிறகு உள்ளே போய் உறைப் பெட்டியை எடுத்துவந்து, அந்த உறையை உருவி, தங்கையின் கையெழுத்தையும் பிலிம் ஓரத்து எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். அவள், தப்பு தன்னுடையது என்றாள். அவர் எழுந்து போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஏற்கெனவே காலையில் ஊற்றிய செடிகள்.

நாலு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. எக்ஸ்ரே எடுக்கிறவர் தன்னைத்தானே மூச்சுப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டார் என்றாள் அண்ணி. ஐந்தாம் நாள் காலையில் தங்கைக்குப் போன் வந்தது.

"ஜன்னல்ல கீழ் ஓரத்துல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கு, பாத்தியா? அது நீதான். அங்கதான் உட்காந்திருந்தே."

"ஆமாண்ணா."

"நல்லவேளை, மூஞ்சி தெரியல. நூலகத்துக்கு எவனும் வந்திருக்க மாட்டான்."

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கடை வாசலில் நின்றாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நுனி பிலிமுக்கு ஆசைப்பட்டு எண்ணைக் குழப்பியது தான்தான், அதை அவள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்றார். பிறகு, செயலாளரிடம் படத்தைத் திரும்ப வாங்கிவிட்டதாகச் சொன்னார். செயலாளர், யாருக்குத் தெரியப் போகிறது, கூண்டுப் பறவையும் பறவைதானே என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரிஞ்சுபோச்சே என்றாராம் அண்ணன். நூலகச் சுவருக்கு வேறு யாரோ எடுத்த சூரிய உதயம் போயிற்று.

இன்னொன்று பாக்கி இருந்தது. அதற்கு அவளையும் கூட வரச் சொன்னார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒரு மாடிப்படிக்கு அடியில், தெருவிலிருந்து இரண்டு படி இறங்கினால் வரும் இடத்தில் இருந்தது. ஒற்றை அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறிகள் அச்சிட்ட பட்டியல், மேசையில் உள்பாகம் தெரிய அறுத்து வைத்த பழைய எஞ்சின். தொப்பிக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. தொப்பி மட்டும் புதிது. வருகிறவர்கள் யார் என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லிவிட்டு, எஞ்சினைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணன் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மழை, ரப்பர் குழாய், இருபதாம் எண், கண்ணுக்குள் ஜன்னல். மடக்கி வைத்திருந்த ஒரு பிரதியை எடுத்து எஞ்சின் பக்கத்தில் வைத்தார். தொப்பி துணியை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

"முப்பது வருஷமா இது உங்க கண்ணுல படலையா?"

"படல" என்றார் அண்ணன். "படணும்னு நான் பாக்கல."

தொப்பி படத்தை எஞ்சின் மேல் சாய்த்து வைத்தார். "என் கழுகு கூண்டுதாங்க. தெரிஞ்சேதான் மலைன்னு சொன்னேன். நீங்க சொன்னது நெசம். ஆனா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா, நானே அடுத்த கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனான்னு சத்தியமா தெரியல. ஆனா சொல்ல ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

அண்ணன், சங்கத்துக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

"எழுதுங்க, எழுதாம விடுங்க. அன்னிக்கு இருந்த அறுபது பேருல பாதிப் பேரு செத்துட்டாங்க. அவங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

வெளியே கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண் காரைப் பின்னால் எடுக்கிறேன் என்று குப்பைத் தொட்டியை இடித்தாள். தொப்பி எழுந்து போய், தொட்டியை நிமிர்த்தி வைத்து, அவளிடம் என்னவோ பொறுமையாகச் சொல்லிவிட்டு வந்தார். கண்ணாடியைப் பார்க்கிறார்கள், கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று பார்ப்பதில்லை என்று பொதுவாகக் குறைபட்டுக்கொண்டார். உட்கார்ந்ததும், "எனக்கு இந்தப் படம் வேணும்" என்றார்.

"இதையே வச்சுக்குங்க."

"இது இல்ல. புதுசா, உங்க கையால போட்டது. பின்னாடி எழுதிக் கொடுங்க. அன்னிக்கு என் படத்தைப் பாத்து ஒரு வார்த்த சொன்னீங்கல்ல, அதையே."

அண்ணன் தலையை ஆட்டினார். படியேறி வெளியே வந்ததும் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டார். படியில் கால் இடறியதா, வேறெதுவுமா என்று அவள் கேட்கவில்லை. போகிற வழியெல்லாம் எந்தத் தாளில் போடுவது, எவ்வளவு அடர்த்தி வைப்பது என்றே பேசிக்கொண்டு வந்தார். பல வருடத்துக்குப் பிறகு அவர் அப்படிப் பேசிக் கேட்டதில் அவளுக்குக் கொடியில் தொங்கிய பழைய வல்லூறுகள் எல்லாம் திரும்ப ஈரத்தோடு தெரிந்தன.

குளியலறையை மறுபடி இருட்டறை ஆக்கினார். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிப் போடும் உருப்பெருக்கியைப் பரணிலிருந்து இறக்கினார். மிச்சம் இருந்த தாளில் பாதி பழசாகி ஓரம் கறுத்திருந்தது. புரை விழுந்த கண்ணோடு சிவப்பு விளக்கடியில் நாலு தடவை போட்டுப் பார்த்து, நாலாவதைத் தேர்ந்தெடுத்தார். அந்த வாரம் அண்ணி பக்கத்து வீட்டில் குளித்தாள். அண்ணன் போனில் தங்கையிடம் படம் நன்றாக வந்திருக்கிறது என்றார். கண் எப்படி என்று அவள் கேட்டாள். ஜன்னல் நன்றாகத் தெரியும்படிதான் போட்டிருக்கிறேன் என்றார். இப்போதே எழுதிவிடலாமே என்றதற்கு, காய்ந்த தாள் சுருண்டிருக்கும், இரண்டு நாளாவது கனத்துக்கு அடியில் கிடந்து நிமிர வேண்டும், சுருண்ட தாளில் பென்சிலை அழுத்தினால் முன்பக்கம் பள்ளம் விழும் என்றார். முப்பது வருடமாக அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் புதிதாகச் சொல்வது போல முழுதாகச் சொன்னார்.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு அண்ணி போன் செய்தாள்.

அடக்கத்துக்குத் தொப்பி வந்திருந்தார். யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. கூட்டத்தின் கடைசியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தலையில் நல்ல அடர்த்தியான முடி இருந்தது. வழுக்கையை மறைக்கத்தான் தொப்பி என்று முப்பது வருடமாக நினைத்திருந்த சங்கத்துக்காரர்கள் அந்தத் துக்கத்திலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் தங்கையிடம் வந்து இரண்டு நிமிடம் நின்றார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு அண்ணியும் தங்கையும் அறையை ஒழுங்குபடுத்தினார்கள். பலகை மேல் எலும்பு முறிவு பற்றிய தடித்த புத்தகங்கள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றுக்கு அடியில், இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவில், படம் நன்றாக நிமிர்ந்திருந்தது. பக்கத்தில் சீவி வைத்த பென்சில்.

"நீயே எழுதிடேன். எல்லாத்துலயும் உன் கையெழுத்துதான இருக்கு" என்றாள் அண்ணி.

"அண்ணன் கையாலதான் வேணும்னு கேட்டாரு அண்ணி."

"இனிமே அவரு கைக்கு நான் எங்க போவேன்?"

தங்கை படத்தைக் கவிழ்த்துப் போட்டு, பென்சிலை எடுத்து, நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு தாள்களை முன்பு இருந்தபடியே வைத்து, மூன்று புத்தகங்களையும் அதே வரிசையில் மேலே அடுக்கினாள். இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி அவள் கடையிலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறது. படத்தின் பின்பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.